இறங்காத நடைபாதை: நெதர்லாந்தில் ஏழு நாள்

அக்டோபர் 7, ஆம்ஸ்டர்டாம்

விமானத்தில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. காலை ஏழரை மணிக்கு மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது இன்னும் முழுதாக விடிந்திருக்கவில்லை. தூறல். ஈரத்தில் மின்னிய செந்நிறத் தார்ப் பாதை ஒன்று மேடு பள்ளம் இல்லாமல் அகலமாகக் கிடந்தது. நடைபாதைதான் என்று நினைத்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் நடந்தேன். மணிச்சத்தம் கேட்டது. முன்னால் மரப்பெட்டி பொருத்திய சைக்கிளில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துக்கொண்டு வந்த பெண், காலை ஊன்றி நின்றார். "இது சைக்கிள் பாதை. நீங்கள் நடக்க வேண்டியது அங்கே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் நகர்ந்ததும் போய்விட்டார். குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. இந்த நாட்டுக்காரர்கள் பேசுவது இப்படித்தான் என்பது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

சைக்கிளுக்கென்று இவ்வளவு நல்ல தரையைப் போடுவார்கள் என்று என் கால்கள் எதிர்பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் தெருவில் இடம் கேட்டு மனு எழுதுவதும், கவுன்சிலர்களையும் பொறியாளர்களையும் போய்ப் பார்ப்பதும்தான் என் வேலை. கைப்பையில் எப்போதும் ஐந்து மீட்டர் அளவு நாடா இருக்கும். எந்தத் தெருவுக்குப் போனாலும், ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் நடைபாதையிலிருந்து எத்தனை முறை கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கிறது என்று எண்ணுவேன். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அந்த எண்தான் முக்கியம். என் வலது முழங்காலும் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் என் வீட்டுச் சாலையில் கடைசியாக எண்ணியபோது நாற்பத்தேழு வந்தது.

பிற்பகல் நியூமார்க்ட் பக்கம் போனேன். அங்கே பின்டோ மாளிகை என்ற 17ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று இருக்கிறது. அதை இடித்துவிட்டு நான்குவழிச் சாலை போடுவதாக ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள், சாலைத் திட்டம் கைவிடப்பட்டது, வீடு நிற்கிறது. மெட்ரோ ரயிலுக்காக வீடுகளை இடித்தபோது 1975இல் இதே பகுதியில் பெரிய கலவரமே நடந்தது. வாசலில் நின்று அந்தக் கல் முகப்பைத் தொட்டுப் பார்த்தேன். 'அவர்கள் ஊர் பிறவியிலேயே அப்படி, நமக்குச் சரிப்படாது' என்ற பதிலை எத்தனை கூட்டங்களில் கேட்டிருப்பேன்! இந்த ஊரும் கார்களுக்காகத் தன்னை இடித்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தது. தடுத்தவர்கள் இங்கே குடியிருந்தவர்கள்.

குறையும் சொல்ல வேண்டும். சைக்கிள்களை நடைபாதையில் கண்டபடி சாய்த்து வைத்திருக்கிறார்கள். பழைய தெருக்களில் மிச்சமிருப்பது ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான். கனத்த சக்கரம் வைத்த மின்சார சைக்கிளில் பதின்வயதுப் பையன்கள் வரும் வேகம் எனக்குப் பயமாக இருந்தது. நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் கார்களுக்கு 2023 டிசம்பர் முதல் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அந்தப் பையன்கள் சில கார்களை முந்திப் போனார்கள்.

இரவு உணவு, தள்ளுவண்டிக் கடையில் ஹாரிங் மீன். வேகவைக்காமல் உப்பில் ஊறியது, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம். நான்கு யூரோ. மீன் வெண்ணெய் போலக் கரைந்தது. இரண்டாவதும் வாங்கினேன்.

அக்டோபர் 8, டெல்ஃப்ட்

வெயில்! மேகம் இல்லாத வானத்தை இந்தப் பயணத்தில் பார்த்தது இன்று மட்டும்தான்.

டெல்ஃப்டுக்கு வந்ததே 'வோன்எர்ஃப்' பார்ப்பதற்கு. வீட்டு முற்றம் போன்ற தெரு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1960களின் இறுதியில் இந்த ஊரில்தான் தொடங்கியது. நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வால், வண்டிகள் தாமாகவே மெதுவாகப் போகும்படி தெருவின் வடிவத்தை மாற்றிப் பார்த்தார். செங்கல் தரை, வளைவுகள், நடுவில் மரம், பூந்தொட்டி. 1976இல் இது சட்டமாயிற்று. நீலப் பலகையில் வீடு, ஓர் ஆள், பந்து விளையாடும் குழந்தை, ஓரமாக ஒரு கார். பலகையைத் தாண்டினால் தெருவின் முழு அகலமும் நடப்பவர்களுடையது. குழந்தைகள் நடுத்தெருவில் விளையாடலாம். கார் நடைவேகத்தில்தான் வர வேண்டும்.

பழைய வீடுகள் இருந்த ஒரு தெருவில் குனிந்து நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், பின்னால் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. பதறி ஒதுங்கினேன். அவர் கையை உயர்த்திவிட்டு மெல்லப் போனார். நடுச்சாலையில் நிற்கும் உரிமை சட்டத்தில் எனக்கு இருந்தது. ஆனால் என் உடம்புக்கு அது தெரியவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெரியவர், என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எண்பது வயது இருக்கும். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். தட்டில் ஒரே ஒரு பிஸ்கட். டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார். இங்கே விருந்தோம்பலின் அளவு அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொடுத்த நேரத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை, ஒரு மணி நேரம் பேசினார். தன் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது இந்தத் தெரு எப்படி இருந்தது, வண்டிச் சத்தம் கேட்டாலே மனைவி எப்படி வாசலுக்கு ஓடுவார் என்றெல்லாம் சொன்னார்.

1970களின் தொடக்கத்தில் இந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்தில் ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1971இல் மட்டும் இறந்த குழந்தைகள் 400க்கும் மேல். விபத்தில் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972இல் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு, 'குழந்தைக் கொலையை நிறுத்து'. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவை மறித்துக் குழந்தைகளை அங்கே விளையாட விட்டார்கள். 'விபத்து' என்று யாரும் மழுப்பாமல் கொலை என்றே சொன்னார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். நான் எழுதிய நூற்றுக்கணக்கான மனுக்களில் 'அசௌகரியம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். திரும்பி வரும் ரயிலில் அதை நினைக்க நினைக்க மனம் கனத்தது.

மதியம் ஒரு சிற்றுண்டிக் கடையில் சூப் வாங்கிவிட்டு ஐம்பது யூரோ நோட்டை நீட்டினேன். நோட்டு வாங்குவதில்லை, அட்டை மட்டும்தான். என் அட்டை அந்தக் கருவியில் ஏறவில்லை. பின்னால் நின்ற கல்லூரி மாணவி என் பேச்சைக் கேட்காமலேயே தன் அட்டையை வைத்துத் தட்டினார். ஆறரை யூரோ. சில்லறை இருக்கிறது, கொடுக்கிறேன் என்றேன். "வேண்டாம், சூப் ஆறிவிடும்" என்றார்.

அக்டோபர் 9, ராட்டர்டாம்

காற்று. குடை பத்து நிமிடத்தில் உடைந்தது.

1940 மே 14 குண்டுவீச்சில் இந்த நகரத்தின் நடுப்பகுதி அழிந்தது. பிறகு காருக்கேற்ற அகலச் சாலைகளோடு கட்டினார்கள். அதனாலேயே நம் பெருநகரங்களை எனக்கு நினைவூட்டியது இதுதான். அதே ஊரில், வண்டியே நுழையாத லைன்பான் கடைத்தெருவை 1953இலேயே திறந்திருக்கிறார்கள். கூல்சிங்கல் என்ற முக்கியச் சாலையில் நான்கு தடங்களை இரண்டாகக் குறைத்து, மிச்ச இடத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பிரித்துக் கொடுத்து முடித்தது 2021இல். அகலமாகிவிட்ட சாலையைத் திரும்பச் சுருக்க முடியாது என்பார்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சூரிநாம் நாட்டு உணவகத்தில் ரொட்டி. 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக சூரிநாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் சமைப்பது. பருப்புப் பொடி அடைத்த மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய், முட்டை, தனியாக ஒரு கிண்ணத்தில் மிளகாய் விழுது. பதினொன்றரை யூரோ, நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று நாளாகப் பாலாடைக்கட்டி ரொட்டியே தின்ற நாக்குக்கு அந்த மிளகாய் அமிர்தமாக இருந்தது. பரிமாறிய அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

அக்டோபர் 10, ஹவுட்டன்

என் அக்கா மகள் இங்கேதான் இருக்கிறாள். உட்ரெக்டுக்குப் பக்கத்து ஊர், ஏறத்தாழ 50,000 பேர். 1960களில் சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம். அதைப் பெரிதாக்க வேண்டும் என்று முடிவானபோது, ராப் டெர்க்ஸ் என்ற திட்ட வல்லுநர் ஊரைத் தலைகீழாக வரைந்தார். ஊரின் நடுவே சைக்கிள் பாதைகள், அவற்றின் ஓரமாகப் பள்ளிகள். கார்களுக்கு ஊரைச் சுற்றி ஒரு வளையச் சாலை. ஒரு பேட்டையிலிருந்து பக்கத்துப் பேட்டைக்குக் காரில் போக வேண்டுமானால் வளையச் சாலைக்கு வெளியேறிச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளில் நேராகப் போய்விடலாம்.

காலை எட்டே காலுக்கு அவளுடைய பத்து வயது மகள் புத்தகப்பையோடு கிளம்பினாள். "சின்னப் பாட்டி, நீங்களும் வருகிறீர்களா? நான் வழி காட்டுகிறேன்" என்றாள். அம்மாவின் சைக்கிளை எனக்குக் கொடுத்தாள். ஆறாம் நிமிடத்தில் விழுந்தேன். இங்கே பல சைக்கிள்களுக்குக் கைப்பிடியில் பிரேக் இல்லை, மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். பழக்கத்தில் காலைப் பின்னால் சுழற்றிவிட்டேன். நல்லவேளையாக இடது பக்கம் சாய்ந்தேன், வலது முழங்கால் தப்பியது. நாய் நடத்திக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி என்னைத் தூக்கி நிறுத்தி, உள்ளங்கைச் சிராய்ப்பைத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்தார். "நீங்கள் திரும்பும்போது கையும் காட்டவில்லை" என்றார். குழந்தையும் தலையாட்டினாள். "கை காட்ட வேண்டும் சின்னப் பாட்டி. எங்களுக்குப் பரீட்சையே இருக்கிறது." உண்மைதான். தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில் சாலை விதிகளுக்கு எழுத்துத் தேர்வு, தெருவில் சைக்கிள் ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டும் நடத்துகிறார்கள்.

பள்ளி வரை ஒரு காரைக்கூட நாங்கள் குறுக்கே சந்திக்கவில்லை. ஓர் இடத்தில் சிவப்புப் பாதையில் பலகை இருந்தது: 'கார் இங்கே விருந்தாளி'. வாயிலில் சைக்கிள்கள் நூற்றுக்கணக்கில். அவள் சைக்கிளைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன், உன் மகளுக்கு எவ்வளவு தைரியம் என்று. அக்கா மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், "என் நீல சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா சித்தி? அதை நீங்கள்தான் பூட்டி வைத்தீர்கள்."

ஞாபகம் இருக்கிறது. 2004. எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், ஒன்பதாம் வகுப்பு. அவள் பள்ளியில் ஒரு பையனைத் தண்ணீர் லாரி அடித்துவிட்டது. அன்று மாலையே அவள் சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் அலமாரியில் வைத்தேன். அழுதாள். மறுநாளிலிருந்து ஆட்டோ. அந்த வாரம்தான் சைக்கிள் பாதை கேட்டு எங்கள் முதல் ஊர்வலத்தை நடத்தினோம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போக வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, என் வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்போது நீங்கள் செய்தது சரிதான் சித்தி, அந்தச் சாலையில் நானும் என் மகளை விடமாட்டேன்" என்றாள். அது என்னைத் தேற்றவில்லை. சரியான முடிவு என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

மதியம் நல்ல மழை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நாடாவோடு வெளியே போனேன். எனக்கு இந்த மழைதான் வேண்டியிருந்தது. பெரிய தெருவில் சின்னத் தெரு வந்து சேரும் இடங்களில், இங்கே நடைபாதை அறுபடுவதில்லை, இறங்குவதும் இல்லை. அதே உயரத்தில், அதே கல்லோடு சின்னத் தெருவின் வாயைக் கடந்து போகிறது. கார்தான் ஒரு சாய்வுக் கல்லின் மேல் ஏறி, நடப்பவரின் தரைக்கு வந்து, மறுபடி இறங்கிப் போகிறது. ஓட்டுநர் ஏறும்போதே வேகம் குறைந்துவிடுகிறது. தடை, பலகை, போலீஸ் எதுவும் தேவைப்படவில்லை. நம் நாட்டு நெறிமுறையும் நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது. தெருமுனையில் என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் போய்விடுகிறது.

இதை நான் கேட்கும்போதெல்லாம் பொறியாளர்கள் சொல்லும் தடை ஒன்றுதான்: "மேடம், குறுக்கே உயர்த்தினால் மழைநீர் தேங்கும்." நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரியாமல் பலமுறை திரும்பியிருக்கிறேன். இன்று மூன்று தெருமுனைகளில் நனைந்துகொண்டே நின்றேன். சாய்வுக் கல் தொடங்குவதற்கு முன்பே, தெருவின் இரு ஓரத்திலும் வடிகால் வாய் இருக்கிறது. உயர்த்திய தரையை நோக்கித் தண்ணீர் வருவதற்குள் அது குடித்துவிடுகிறது. கல்லின் அகலம், சாய்வு, வடிகாலின் தூரம் எல்லாவற்றையும் அளந்து குறித்தேன். நோட்டு நனைந்து மை கரைந்தது. வீட்டுக்கு வந்து ஹீட்டரின் மேல் காயவைத்து, கரைந்த எண்களை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். இரண்டு எண்களில் சந்தேகம் வந்தது. இருட்டுவதற்குள் திரும்பப் போய் அளந்தேன்.

அக்டோபர் 11, உட்ரெக்ட்

முழங்கால் வீங்கிவிட்டது. ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் கூடத்தை மட்டும் பார்த்தேன். முதல் 24 மணி நேரம் இலவசம். பக்கத்தில் 1970களில் தூர்த்துச் சாலையாக்கிய அகழியை 2020இல் மறுபடி தண்ணீராக்கியிருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டே பட்டாணி சூப் குடித்தேன். கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டி.

அக்டோபர் 12, குரோனிங்கன்

ரயிலில் இரண்டு மணி நேரம் வடக்கே. 1977 செப்டம்பரில் இந்த ஊர் ஒரே இரவில் தன் போக்குவரத்தை மாற்றியது. நகரத்தின் நடுப்பகுதியை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து மற்றதற்குக் கார் நேராகப் போக முடியாது, வெளிச்சாலைக்குப் போய்ச் சுற்ற வேண்டும். முன்னின்றவர் மாக்ஸ் வான் டென் பெர்க், அப்போது முப்பதைத் தொட்ட இளைஞர். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று மீன் சந்தைச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை, அத்தனை கூட்டம்.

ஒரு சந்திப்பில், எல்லாத் திசைச் சைக்கிள்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கார்கள் நாற்புறமும் நிற்க, மாணவர்களும் பாட்டிகளும் தபால்காரரும் குறுக்கும் மறுக்கும் பின்னிக்கொண்டு போனார்கள். யாரும் யார்மீதும் மோதவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். ஏழெட்டு முறை விளக்கு மாறும் வரை நின்று பார்த்தேன்.

சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இங்கே சைக்கிள் ஓட்டும் முதியவர்கள் இன்னும் விபத்தில் இறக்கிறார்கள், அதைப் பற்றி யாரும் போதுமான அளவு கத்துவதில்லை என்றார். உண்மை. 2023இல் நெதர்லாந்துச் சாலைகளில் இறந்த 684 பேரில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். ஐம்பது ஆண்டு வேலைக்குப் பிறகும் அவர் திருப்தியடையவில்லை. அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்டோபர் 13, ஹவுட்டன், மறுநாள், வீடு

காலையில் அக்கா மகளும் குழந்தையும் ரயில் நிலையம் வரை நடந்து வந்தார்கள். இருபத்தோரு கிலோ பெட்டியை நானே இழுத்தேன். வாசலிலிருந்து நிலையத்தின் லிஃப்ட் வரை ஒரு முறைகூட அதைத் தூக்கவில்லை. குழந்தை என்னோடு சேர்ந்து எண்ணினாள். "பூஜ்யம், சின்னப் பாட்டி. எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை."

மறுநாள் எங்கள் ஊரில் தெருவெல்லாம் தோண்டிக் கிடந்ததால், ஆட்டோக்காரர் முக்கிலேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து வீட்டுக்கு இருநூறு மீட்டர். பதினோரு முறை பெட்டியைத் தூக்கினேன். ஒன்பதாவது முறை, பூக்கடை அம்மா எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

இரவு தூக்கம் வரவில்லை, நேர மாற்றம். மேஜையில் உட்கார்ந்து, எங்கள் தெரு பள்ளிக்கூடத் தெருவைச் சந்திக்கும் அந்த ஒரு முனையை மட்டும் வரைந்தேன். உயர்த்திய தரை, இரு பக்கமும் சாய்வுக் கல், நடைபாதை அகலம் 1.8 மீட்டர். நாளை பத்தரை மணிக்கு வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். மழைநீர் எங்கே போகும் என்றுதான் முதலில் கேட்பார். இரண்டு வடிகால் வாய்களையும் நீல மையில் போட்டிருக்கிறேன்.